மாப்பிள்ளையைத் தொழிலாளி என்று எழுதினேன்

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் ஆடு மேய்த்தேன். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்திருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறுக்கே பேச வேண்டாம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கரில் ஹாலோ பிளாக் கம்பெனி. அந்த இடம் கருவேலங்காடாகக் கிடந்தது. வேரோடு பிடுங்கியது என் கை. தண்ணீரே கிடையாது என்று நீரோட்டம் பார்த்தவர் சொல்லிவிட்டுப் போன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இரண்டு டிப்பர் லாரி. குரும்பலூரில் மாடி வீடு, அதில் ஒரு கல்கூட அடுத்தவன் கம்பெனிக் கல் கிடையாது. ஒரே தங்கச்சிக்கு ஊர் பார்க்கக் கல்யாணம். ஒரே மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்து, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார வைத்தேன். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் அறுத்து, அடுத்தவர் களத்தில் அடித்து, அடுத்தவர் வீட்டுக்குச் சுமந்தவர். எங்கள் வகையறாவில் கரண்ட் பில் சொந்தப் பேரில் வந்த முதல் ஆள் நான்.

எழுத எனக்கு வராது. நான் பேசப் பேசப் போன் எழுதுகிறது. தப்பு வரும் இடத்தை எழுத்துக்கூட்டி நானே திருத்துகிறேன். ஒரு பாராவுக்கு ஒரு டீ ஆகிறது. கோபம் இல்லாவிட்டால் இந்த வேலைக்கு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கம்பெனியை நான் தனியாகக் கட்டவில்லை. கூட ஒரு ஆள் இருந்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் லோடு ஏற்றிய காலத்தில் எனக்கு ஜோடி அவர்தான். ஒரு பெரிய கல்லை இரண்டு பேராகத் தூக்கினால் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அப்போது வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். பிறகு என் தங்கச்சியை அவருக்குக் கொடுத்தேன். தாலி கட்டிய அன்றிலிருந்து நான் அவரை மாப்ள, வாங்க, உக்காருங்க என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். நான் கம்பெனி ஆரம்பித்தபோது முதல் நாள் கலவை போட்டது நாங்கள் இரண்டு பேர். மிஷின் கிடையாது, மண்வெட்டிதான். பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நஷ்டம் வந்தால் தாங்க என் உடம்பில் வலு இல்லை, கூலி கொடுத்தால் போதும் என்றார். மற்ற ஆட்களுக்கு என்ன கூலியோ அதேதான் அவருக்கும். கூட வைத்துக் கொடுத்தால் மற்றவன் முன்னால் அசிங்கம் என்று வாங்க மாட்டார்.

எங்கள் இருவருக்கும் வியாதியும் ஒன்றுதான். குழியில் கல்தூசி, பிறகு மூட்டை சுமந்த கோடவுனில் சிமெண்ட் தூசி, சொந்தக் கம்பெனி வந்த பிறகு சிமெண்டும் சாம்பலும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் வெயிலில் மூச்சு முட்டும் என்று கழற்றி வைத்துவிடுவோம். ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் அதற்குக் கூலி வந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் சத்தம். பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் இரண்டு பேரும் ஒரே நாளில் போனோம். இரண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, எது யாருடையது என்று பேரைப் படித்துத்தான் சொன்னார். வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு இழுப்பு, சாயங்காலம் இரண்டு இழுப்பு. கூட ஒரு மாத்திரை.

"நல்லா இருக்குன்னு நிறுத்திடாதீங்க. நல்லா இருக்கிறதே இதனாலதான். விட்டுட்டா ஒரு நாள் மொத்தமா வந்து புடிக்கும்" என்றார்.

ஒரு டப்பா ஒரு மாதம் வரும். மாத்திரையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஒன்றரை நாள் கூலி. இங்கேதான் என் கோபம் ஆரம்பிக்கிறது. என் மகள் கம்பெனியில் அவளுக்கு இன்சூரன்ஸ். அதில் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் கிடைக்கிற இன்சூரன்ஸ் கிடையாது அது, மெடிக்கல் கடையில் வாங்கும் மருந்துக்கும் உண்டு. டாக்டர் சீட்டையும் பில்லையும் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டியதுதான். நாலாம் நாள் பணம் திரும்பி வந்துவிடும். மெடிக்கல் கடையில் நின்று இதைச் சத்தமாகச் சொல்வேன். பெருமையில் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு லாரி வைத்திருப்பவனுக்கு மருந்து இனாம். அவனுக்கு மண் அள்ளிப் போடுகிற ஆளுக்கு முழு விலை. இதை அப்போது நான் யோசிக்கவில்லை. என் காதில் என் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளை இன்ஹேலர் டப்பாவைப் பிரித்து, உள்ளே இருக்கிற சின்ன உருளையை எடுத்து, தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, மீன் வளக்குறீங்களா?"

"மருந்து மிச்சம் இருக்கான்னு பாக்குறேன் மச்சான். முங்குனா இருக்கு. மல்லாக்க மெதந்தா காலி."

உருளை மல்லாக்கத்தான் மிதந்தது. அவர் அதை எடுத்து வேட்டியில் துடைத்து, மறுபடி டப்பாவுக்குள் மாட்டிச் சட்டைப் பையில் வைத்தார்.

"காலின்னா தூக்கிப் போட வேண்டியதுதான?"

"அழுத்துனா ஒரு காத்து வருதுல்ல. அது போதும்."

"இது எப்ப வாங்குனது?"

"பொரட்டாசி."

ஒரு மாத டப்பா. புரட்டாசியிலிருந்து மார்கழி வரைக்கும் மூச்சு முட்டும்போது மட்டும் ஒரு இழுப்பு இழுத்து ஓட்டியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டேன்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான? அங்க சும்மா குடுக்குறாங்கள்ல?"

"போனேனே. நல்லாத்தான் பாத்தாங்க. மாத்திரை குடுத்தாங்க, மூஞ்சில மூடி வச்சுப் பொகை புடிச்சாங்க. இந்த டப்பாவும் ஒரு தடவ குடுத்தாங்க. அடுத்த தடவ ஸ்டாக் வரல, அப்புறம் வாங்கன்னாங்க. அப்புறம் போனா ஒரு நாள் வேல போச்சு. ரெண்டாவது தடவையும் போச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? மச்சான், உங்களுக்கு மூச்சு முட்டுனா உங்க மக கம்பெனி வரைக்கும் தெரியுது. எனக்கு முட்டுறது எனக்கு மட்டுந்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும்."

"இனிமே மாசாமாசம் நான் வாங்கித் தரேன்."

அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "பொங்கச் சீரு கொண்டாங்க, வாங்கிக்கிறேன். தீவாளிக்கு வேட்டி கொண்டாங்க, கட்டிக்கிறேன். மாசாமாசம் மருந்து ஊத்துறதுக்கு நான் என்ன உங்க கொட்டாய்ல கட்டுன மாடா?"

அந்தப் பேச்சுக்கு மேல் அவரிடம் பேச முடியாது. பெண் கொடுத்த வீட்டுக்காரன் சீராகக் கொடுத்தால் மரியாதை. அதே ஆள் சும்மா கொடுத்தால் பிச்சை. எங்கள் பக்கத்தில் இதற்கு எழுத்து கிடையாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

நானா விடுவேன்? கருவேலங்காட்டில் கம்பெனி கட்டினவன். பெரம்பலூர் டாக்டர் எனக்கு ஒன்று எழுதுகிறார். பஸ் ஏறி அரியலூருக்குப் போனேன். அங்கே வேறொரு டாக்டரிடம் முதல் தடவை வருகிற மாதிரி உட்கார்ந்து, நெஞ்சில் விசில் அடிக்கிறது என்று சொல்லி, அதே இன்ஹேலரை எழுதி வாங்கினேன். இரண்டு சீட்டு, இரண்டு பில், இரண்டையும் மகளுக்கு அனுப்பினேன். அவள் வேலை அவசரத்தில் பார்க்காமல் ஏற்றிவிட்டாள். ஒன்று எனக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு. மகள் கம்பெனி இரண்டு பேருக்கும் மூச்சு கொடுக்கட்டும், அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இது ஒரு கணக்கா என்று நினைத்தேன்.

பொங்கல் சீர்த்தட்டில் பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், கரும்பு, வேட்டி, புடவை. பழச்சீப்புக்கு அடியில் இன்ஹேலர். தங்கச்சி தட்டை வாங்கும்போதே பார்த்துவிட்டாள். அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"என்னண்ணே இது? மங்கலத்தட்டுல மருந்தக் கொண்டாந்து வக்கிற. வூட்டுக்கு ஆவுமா?"

"கரும்பக் கடிச்சுத் துப்பிடுவீங்க. இது உள்ள போயி வேல செய்யும். எது மங்கலம், நீயே சொல்லு."

சீரைத் திருப்பினால் எனக்குச் செருப்படி, அது மாப்பிள்ளைக்குத் தெரியும். எடுத்து அலமாரியில் வைத்தார். அன்று சாயங்காலம் இழுத்தார் என்று தங்கச்சி போனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் சாக்கு தேடினேன். தைப்பூசம் ஒரு சீர். மாசி மகம் ஒரு சீர். சித்திரை வருஷப்பிறப்புக்கு மாம்பழக் கூடையோடு ஒரு சீர். தங்கச்சிக்குச் சீர் செய்ய இப்படிக் காலண்டரைப் புரட்டிய அண்ணன் இந்த இரண்டு ஜில்லாவிலும் என்னைத் தவிர இருக்க மாட்டான். ஆடிச்சீர் என்று கொண்டுபோனபோது தங்கச்சி வாசலிலேயே சிரித்தாள். "ஆடிச்சீரு புதுப்பொண்ணுக்குண்ணே. எனக்குப் பேரன் இருக்கான்" என்றாள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை இருமல் வரவில்லை. அந்த ஏழு மாதத்தில் அவர் மறுபடி கலவை மிஷினில் நின்றார், டிராக்டரில் தொற்றி ஏறினார். டாக்டர் சொன்னபடி மருந்து தினமும் உள்ளே போனால் அந்த நெஞ்சு இப்படி இருக்கும் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆடி முடிவதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரு பொண்ணு. தமிழ்தான் பேசியது, மரியாதையாகத்தான் பேசியது.

"சார், மாசத்துக்கு ரெண்டு பிரிஸ்கிரிப்ஷன், ரெண்டு டாக்டர், ஒரே மருந்து. ரெண்டு இன்ஹேலரும் நீங்கதான் யூஸ் பண்றீங்களா?"

"ஆமாம்மா."

"டோஸ் டபுளா இருக்கு சார்."

"எனக்கு நுரையீரல் பெருசும்மா. பாறை தூக்குன ஒடம்பு."

அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. தட்டச்சு பண்ணுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாள் கழித்து என் மகள் கூப்பிட்டாள். அவள் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"அப்பா, அது என் பேர்ல போற பில்லுப்பா. ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டு வச்சுக் கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

"மாமாவுக்குத்தாம்மா குடுத்தேன். வேற யாருக்கும் விக்கல."

"புரியுதுப்பா. மாமா என் பாலிசியில இல்ல."

"மழை பேஞ்சா உன்னத் தோள்ல ஒக்கார வச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவரு அவரு."

"அத எழுதறதுக்கு அந்த ஃபார்ம்ல எடம் இல்லப்பா" என்று சொல்லி அழுதாள்.

பணத்தைத் திருப்பிக் கட்டினோம். மகள் வேலை தப்பியது. ஒரு தாளில், இனி இப்படி நடக்காது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். என் பிள்ளை, என் தப்புக்கு. பொய் சொன்னேன், அது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே குழி, ஒரே தூசி, ஒரே எக்ஸ்ரே. அதில் மாடி வீட்டுக்காரனுக்கு மருந்து சும்மா வரலாம், கூரை வீட்டுக்காரனுக்கு வரக் கூடாது என்று எழுதிய ஆளை யாராவது ஆபீஸில் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்களா? சம்பளம் பெருசாக இருந்தால் இன்சூரன்ஸும் பெருசு. சம்பளமே இல்லாத எனக்கு மகள் சம்பளத்தால் வருகிறது. தேவை யாருக்கு அதிகமோ அவன் முழு விலையும் கையில் வைத்துக்கொண்டு கடையில் நிற்க வேண்டும். படிக்காதவன் எனக்கே தெரிகிறது, படித்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

விஷயம் தங்கச்சி மூலமாக மாப்பிள்ளை காதுக்குப் போய்விட்டது. மறுநாள் கம்பெனிக்கு வந்து, பாதி மருந்து இருக்கிற இன்ஹேலரை என் மேஜை மேல் வைத்தார்.

"பொண்ணு வேலைக்கு ஒல வைக்கிற மருந்து எனக்கு வேணாம்."

"இனிமே என் சொந்தக் காசு மாப்ள. பில்லு எங்கயும் போவாது."

"சீருன்னு சொல்லி ஏமாத்துனீங்கள்ல? நானும் தெரிஞ்சே ஏமாந்தேன். போதும். நானே வாங்கிக்கிறேன்."

கோபம் வந்தால் எனக்குப் பழைய பேச்சு வந்துவிடும். "நீ என்னத்தடா வாங்குவ, சொம்புல போட்டுல்ல பாப்ப" என்று கேட்டுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. அவர் வெளியே போய்விட்டார். வேலைக்கு மட்டும் வந்தார். மூன்று மாதம் என்னோடு முகம் பார்த்துப் பேசவில்லை.

ஐப்பசி அடைமழை. ஈரமும் சிமெண்டும் சேர்ந்த காற்று நெஞ்சுக்கு விஷம். ஒரு திங்கட்கிழமை காலை, கலவை மிஷினுக்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டியவர், அப்படியே மூட்டை மேலேயே உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு நீலம். கழுத்து நரம்பு கயிறு மாதிரி. பேச்சு வரவில்லை. சட்டைப் பையைக் கையால் தட்டிக் காட்டினார். எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன். வெறும் காத்து.

ஆம்புலன்ஸ் வந்து, பக்கத்து ஜில்லாவில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கவுண்டரில் நான் பணத்தோடு போய் நின்றேன். அங்கே இருந்த தம்பி, "கவர்மென்ட் காப்பீட்டுக் கார்டு இருக்கா? இருந்தா நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்" என்றான். கார்டு இருந்தது. நான்தான் ஆட்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் எடுத்துக் கொடுத்திருந்தேன். ஐ.சி.யூ.வில் ஆறு நாள். குழாய், மானிட்டர், ஊசி, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்டு கொடுத்தது. உயிர் வந்தது. அந்தக் கார்டை நான் கும்பிட்டேன், இப்போதும் கும்பிடுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் ஒரு பையும் சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் முதல் வரியிலேயே அந்த இன்ஹேலர்.

"பையில கொஞ்ச நாளைக்கு மருந்து இருக்கு. அப்புறம் தொடர்ந்து எடுக்கணும். நிறுத்தக் கூடாது" என்றான் அந்தத் தம்பி.

"தொடர்ந்து எடுக்க கார்டு உண்டா?"

"வீட்டுக்குப் போயி சாப்புடற மருந்துக்குக் கார்டு கிடையாதுங்கய்யா. அட்மிஷன் ஆனாத்தான்."

"அப்ப மாசாமாசம் இவர இப்படி நீலமாக்கித் தூக்கிட்டு வரட்டுமா? ஒரு டப்பா காசுக்கு வழியில்லாம விழுந்த மனுஷன். விழுந்த பொறகு அத்தன குடுக்குறீங்க. விழாம இருக்க அந்த ஒரு டப்பா குடுக்கக் கூடாதா?"

"நான் கவுண்டர்ல இருக்கேங்கய்யா" என்றான். பாவம், அவன் சொன்னது சரிதான். என்னிடம் அகப்பட்டவன் அவன் ஒருத்தன்தான், அதனால் கத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் வராந்தாவில் தங்கச்சி நிற்கிறாள். அவள் ஆறு நாளும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவள். மாப்பிள்ளை பக்கத்துக் கட்டிலில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்டரிடம் கூட்டிப் பெருக்குகிற ஆள். அவருக்கும் நெஞ்சில் இதே தூசிதான். அந்த ஆள் சம்சாரத்தோடு தங்கச்சி பேசிப் பழகியிருக்கிறாள்.

"அண்ணே, கத்துனது போதும். ஒண்ணு கேக்கறேன். அந்தக் கூட்டுற ஆளுக்கு மாசாமாசம் மருந்து வூட்டுக்கு வருதாம்ல. அவரு பேர நோட்டுல எழுதித் தொழிலாளர் காப்பீட்டுல சேத்திருக்காங்களாம். சம்பளத்துல கொஞ்சம் புடிப்பாங்களாம், காண்ட்ராக்டரு மீதிய கட்டுறாராம். டப்பா, மாத்திரை எல்லாம் அதுலயே குடுத்துடுறாங்களாம். அந்த அக்காவுக்கு முட்டிவலி மாத்திரைகூட அதுலதான் வருதாம். நம்ம கம்பெனில அது இருக்கா?"

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"நோட்டுல எத்தன பேரு எழுதியிருக்க?"

"ஒம்பது."

"கம்பெனில எத்தன பேரு?"

பதினான்கு பேர். பத்து பேர் ஆனால் அந்தக் காப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். அந்த ரோட்டில் கல் கம்பெனி வைத்திருக்கும் எல்லாருமே நோட்டில் ஒன்பது பேருக்கு மேல் எழுத மாட்டோம். தொழில் ஆரம்பிக்கும்போது கரண்ட் கனெக்‌ஷன் எப்படி வாங்குவது என்று சொல்லிக் கொடுத்த மாதிரி இதையும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தோம். நானும் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"அந்த ஒம்பதுலயாவது அவரு பேரு இருக்கா?"

இல்லை. முதல் நாளே இல்லை. மற்ற ஆட்களை எழுதாமல் விட்டதற்குக் காரணம் காசு, அதை ஒளிக்கவில்லை. மாப்பிள்ளையை எழுதாததற்குக் காரணம் வேறு. நோட்டில் மேலே "தொழிலாளர் பெயர்" என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே தங்கச்சி புருஷன் பேரை எழுத என் கை வரவில்லை. பெண் கொடுத்த இடத்தில் போய் நீ என்னிடம் கூலி என்று எழுதுவதா? அவருக்குச் செய்த பெரிய மரியாதை என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டிப் பெருக்குகிறவருக்குக் காண்ட்ராக்டர் எந்த மரியாதையும் செய்யவில்லை, பேரை எழுதினான். அவருக்கு மாதாமாதம் மருந்து வந்தது.

"மாப்ளைன்னு வச்சிருக்கேன், கூலின்னு எழுதுவனா?" என்று தங்கச்சியிடம் சொன்னேன். என் வாயிலிருந்து வரும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"நீ மாப்ளைன்னு வச்ச. நான்தான தாலிய வச்சிருக்கேன்" என்றாள். அவள் சத்தம் போடவே இல்லை.

அந்த வாரமே நோட்டை மாற்றினேன். பதினான்கு பேரையும் எழுதினேன். கணக்கு எழுதுகிறவர், "அண்ணே, ரோட்டுல யாரும் பண்ணல, நீங்க ஏன் மாட்டிக்கிறீங்க? போன வருஷத்துக்கெல்லாம் கேட்டா என்ன செய்வீங்க?" என்றார். கேட்டால் கட்டுகிறேன் என்றேன். ஆதார், பேங்க் புத்தகம், போட்டோ, எல்லாருக்கும் நானே அலைந்தேன். மூன்றாம் வகுப்புப் படித்தவன், நாலு ஆபீஸ் ஏறி இறங்கினேன்.

கடைசியில் மாப்பிள்ளை கையெழுத்து. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் தாளை வாங்கிப் படித்தார். அவர் என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவர்.

"தொழிலாளின்னு போட்டிருக்கு."

"ஆமா மாப்ள."

"ஊர்ல கேட்டா?"

"கேக்கட்டும்."

"உங்களுக்கு என்ன மச்சான், நீங்க மொதலாளி. நான்தான கடைசில கூலியாயிட்டேன்." பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தங்கச்சி அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "மாப்ளைக்கு மருந்து இல்லியாம். தொழிலாளிக்குத்தான் இருக்காம். எது வேணும்னு இப்ப சொல்லு. சோறு வெந்துடுச்சு, நான் போவணும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

காப்பீட்டு மருந்தகத்துக்கு முதல் மாதம் நானும் கூடப் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் என் கம்பெனியிலேயே கல் அடுக்குகிற பொம்பளை நின்றாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதாம். எனக்கு அன்றுதான் தெரியும். அவளும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தவளாம். "மொதலாளி, தெனம் ஒண்ணு போடலாம்ல இனிமே?" என்று என்னிடமே கேட்டாள். மாப்பிள்ளைக்கு இன்ஹேலரை எடுத்து வைத்தார்கள். அடுத்த மாதம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதை வெளியே வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது ஐந்து மாதமாகத் தவறாமல் வாங்குகிறார். பஸ்ஸுக்கு ஓடுகிறார்.

இப்படி நடந்த விஷயத்தில் இப்போது எனக்கு என்ன கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன். என்னைப் பார்த்துத்தான் அந்த ரோட்டில் இன்னும் ஆறு கம்பெனிக்காரர்கள் எல்லா ஆட்களையும் எழுதினார்கள். பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டே எழுதினார்கள். நான் ஒவ்வொரு கம்பெனியாகப் போய் உட்கார்ந்து, என் மாப்பிள்ளை உதடு நீலமானதைச் சொல்லி எழுத வைத்தேன். போன மாதம் எங்கள் உற்பத்தியாளர் சங்கக் கூட்டம். மேடையில் பெரிய பேனர். தொழிலாளர் நலனில் முன்னோடி என்று தலைவர் படம், செயலாளர் படம், பொருளாளர் படம். தலைவர் நோட்டில் இன்றைக்கும் ஒன்பது பேர்தான். அவருக்குச் சால்வை. நான் நாலாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன்.

எழுந்து கேட்டேன். "எம் பேரு எங்க?"

"அண்ணே, இது பொதுவான விஷயம். தனி ஆளு பேரு வேணாமேன்னு பாத்தோம்" என்றார் செயலாளர்.

"மூணு தனி ஆளு படம் இருக்கே."

"உக்காருண்ணே, சாப்பாடு ஆறுது" என்று யாரோ சிரித்தார்கள்.

நான் உட்காரவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அரசாங்கத்தைக் கேட்கிறேன்: படுக்கைக்குக் கொடுக்கிற கார்டில் மாதாமாதம் சாப்பிடுகிற மருந்தையும் சேருங்கள். நோட்டில் பேர் இல்லாத ஆட்கள், நூறுநாள் வேலைக்காரர்கள், சொந்தமாகத் தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் என்னை மாதிரி ஒருத்தன் வந்து எழுதும்வரை காத்திருக்க முடியாது. சங்கத்தைக் கேட்கிறேன்: அந்தப் பேனரை மறுபடி அடியுங்கள். முதலில் என் தங்கச்சி பேர் வரட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. எழுதாமல் விட்டவன் நான்தான் என்பதையும் போடுங்கள், நானே சொல்லிவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஏழு கம்பெனி ஆட்கள் இன்றைக்கு வரிசையில் நின்று மருந்து வாங்குகிறார்கள் என்றால் அதை நடத்திக் காட்டியவன் நான். அதையும் போட வேண்டும். என் பேர், என் மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.